வேலை நடக்கும் சத்தம்

பாம்பன் சபியாவுக்கு அரசாங்க அலுவலகங்கள் மேல் எந்தப் பகையும் கிடையாது. ரேஷன் கார்டில் அவள் பெயரைச் 'சாபியா' என்று அச்சடித்துக் கொடுத்தபோதுகூட, ஒரு கால்தானே கூடுதல், இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டவள்.

தம்பி இஃப்திகார் கத்தாருக்கு வேலைக்குப் போகும்போது தன் விசைப்படகை அக்கா பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். படகு வாங்கும்போதே சபியாவின் வளையலும் சங்கிலியும் அதற்குள் போயிருந்ததால் குடும்பத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை. சபியாவின் வீட்டுக்காரர் இடுப்பில் அடிபட்டுக் கரையில் உட்கார்ந்துவிட்டவர். இனி வீட்டில் உலை கொதிக்க அந்தப் படகுதான். ஆனால் அரசாங்கத்தில் பெயர் மாறவேண்டும். மாறாமல் கடலுக்குப் போக டோக்கன் தரமாட்டார்கள், டீசல் தரமாட்டார்கள். அதற்கென்றே இராமநாதபுரத்தில் கடற்கலன் உரிமை மாற்று மையம் என்று ஒன்று இருந்தது.

மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயம். கரையேற்றி வைத்திருந்த படகுகளுக்கெல்லாம் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். சபியாவின் படகை ஓட்டுகிற முத்தழகு காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டான்.

"அக்கா, நான் எங்கயும் போகமாட்டேன். ஆனா மத்த பயலுகளுக்கு நான் பேச ஏலாது. மொத நா எந்தப் போட்டுல ஏறுறானோ, வருசம் பூரா அங்கனதான் நிப்பான். நம்ம போட்டு கரையில கெடந்துச்சுண்டா, நம்ம ஆளுக நம்ம ஆளுக இல்ல."

"ஒரு பேரு மாத்துறதுதானே முத்தழகு. மத்தியானச் சோத்துக்கு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு சபியா பஸ் ஏறினாள்.

மையம் மாடியில் இருந்தது. படியேறி வராந்தாவுக்குள் காலை வைத்ததும் அவளுக்கு முதலில் பட்டது அங்கிருந்த அமைதி. ஆஸ்பத்திரியில்கூட யாராவது முனகுவார்கள். இங்கே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த படகுக்காரர்கள் இருமல் வந்தாலும் துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார்கள். உள்ளே மேசைகள் இருந்தன, மேசைக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள். காகிதம் புரளுகிற ஓசை மட்டும் இல்லை.

உதவியாளர் வீரலட்சுமி நல்ல பெண். மனுவை வாங்கி மெல்லிய குரலில் கேட்டாள்.

"படகோட வீடியோ எங்கம்மா?"

"போன்ல இருக்கு மேடம். வாட்ஸ்அப்ல அனுப்பவா?"

"வாட்ஸ்அப்ல வந்தா அது தகவல். தட்டுல வந்தாத்தான் ஆவணம்."

சபியாவுக்குச் சோற்றுத் தட்டுதான் நினைவுக்கு வந்தது. வீரலட்சுமி கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். "சிடிம்மா. வட்டமா, நடுவுல ஓட்டையோட இருக்குமே."

"அதெல்லாம் இப்ப எங்கன கெடைக்கும்? பென்டிரைவ்ல வேணா..."

"பென்டிரைவ்ல வைரஸ் வந்துரும். சிடியில வராதுன்னு ஒரு சுற்றறிக்கை இருக்கு. அது எப்ப வந்ததுன்னு கேக்காதீங்க."

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோ ஒன்றில் பரணில் ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. ஸ்டூடியோக்காரர் தூசியைத் தட்டிவிட்டு, "பொண்ணு கல்யாணமா?" என்று கேட்டார். "படகு" என்றாள் சபியா. அவர் பழக்கதோஷத்தில் சிடி உறையின் மேல் இரண்டு ரோஜாப் பூ ஒட்டி, 'நல்வாழ்த்துகள்' என்று எழுதிக் கொடுத்தார்.

அவள் திரும்பி வந்தபோது வீரலட்சுமி மேசையில் இருந்த மடிக்கணினியைத் திறந்தாள். மற்ற கணினிகளைப் போல அதில் சிடி வைக்கிற தட்டு வெளியே நீளாது. பக்கவாட்டில் மீனின் செவுள் மாதிரி ஒரு கீறல். அதில் சிடியின் நுனியை வைத்து லேசாக நெட்டினால் மீதியைக் கணினியே உள்ளே இழுத்துக்கொள்ளும். வாங்கின காலத்தில் அதுதான் உயர்ந்த ரகமாம். மாவட்டத்திலேயே இந்த அலுவலகத்துக்கு மட்டும்தான் கொடுத்தார்களாம். வீரலட்சுமி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். இருக்கையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். பிறகு சிடியை நெட்டினாள்.

முதலில் 'கிர்ர்' என்று ஒரு உறுமல். அப்புறம் 'டடக், டடக்' என்று உள்ளே எதுவோ எதிலோ மோதியது. அதன் பிறகு கிளம்பியதே ஒரு சத்தம், படகில் வின்ச் எந்திரத்தில் வலை இழுக்கும்போது அடியில் பாறை மாட்டிக்கொண்டால் வருமே, அதே சத்தம். மேசை அதிர்ந்தது. மேசை மேலிருந்த குண்டூசிகள் ஒரு பக்கமாக நகர்ந்தன.

வராந்தாவில் ஒருவர் எழுந்தார். "வேலை ஆரம்பிச்சுட்டாங்கய்யா" என்றார். அவ்வளவுதான். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் மனுவும் கையுமாக வந்து ஜன்னலை மொய்த்துவிட்டார்கள். எத்தனையோ மாதமாக வாயைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் ஒரே நேரத்தில் தங்கள் படகின் எண்ணைச் சொன்னார்கள்.

உள்ளறைக் கதவு திறந்தது. கண்காணிப்பாளர் பூவலிங்கம் வந்தார். அவர் ரப்பர் செருப்பில் நடப்பதே கேட்காது. வந்தவர் யாரையும் பார்க்காமல் ஒரு பொத்தானை அழுத்தினார். கணினி இருமிக்கொண்டே சிடியைப் பாதி வெளியே துப்பியது. சத்தம் நின்றது. கூட்டம் மெல்ல மெல்லப் பெஞ்சுக்குத் திரும்பியது.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் பூவலிங்கம். அவர் பேச்சும் செருப்பு மாதிரிதான், பதமானது. "நாங்க வேலை செய்யிறோம். ஆனா செய்யிறது வெளிய கேக்கக்கூடாது. கேட்டா என்னாகுதுன்னு இப்பப் பாத்தீங்கள்ல? உள்ள ஒரு வேலை நடக்குதுன்னு தெரிஞ்ச உடனே, அத்தனை பேரும் தன் வேலையும் நடக்கணும்னு வந்து நிக்கிறாங்க. ஒருத்தருக்குச் செஞ்சா பத்துப் பேர் மனசு புண்படும். யாருக்கும் செய்யலேன்னா எல்லாரும் சமம். நான் சமத்துவம் பாக்குறவன்."

"சார், தடைக்காலம் முடியப் போகுது. கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாத்தீங்கண்டா..."

"பாக்கலாம். பக்கத்து அறைக்காரங்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் கொடுத்தா பாக்கலாம்."

பக்கத்து அறையில் வேறொரு அலுவலகம் இருந்தது. அது என்ன அலுவலகம் என்று சபியாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை. அங்கே இருந்த பெரியவர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பெஞ்சில் உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

"ஆட்சேபணை இல்லைன்னு எழுதலாம்தான். ஆனா அந்தச் சத்தத்துல எங்க ஆளுங்க ரெண்டு பேர் திடுக்குன்னு முழிச்சுட்டாங்க. ஆட்சேபணை இல்லைன்னு எழுதினா, சத்தம் கேட்டதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. சத்தம் கேட்டதுன்னா, அதுக்கு முன்னால என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்கன்னு ஒரு கேள்வி வரும். அதனால நான் ஒண்ணும் எழுதல. நீங்களும் வரல. சரிங்களா?"

சபியா அன்று மத்தியானச் சோற்றுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பாம்பனுக்கும் இராமநாதபுரத்துக்கும் பஸ்ஸில் போய்வந்துகொண்டே இருந்தாள். கண்டக்டர்கள் கேட்காமலே டிக்கெட் கிழிக்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் அவள் போனபோது, மடிக்கணினியின் இரைச்சலை விசாரிக்கக் குழு போட்டிருப்பதாக வீரலட்சுமி சொன்னாள். மூன்று பேர் சத்தம் அளக்கிற கருவியோடு வந்து, மடிக்கணினியைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். சிடி இல்லாமல் அளந்தார்கள். கணினி பூனைக்குட்டி மாதிரி இருந்தது. சிடியோடு அளந்தார்கள். கருவியின் முள் ஒரு ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். பிறகு டீ வந்தது.

குழுவின் முடிவைப் பூவலிங்கம் அவளை உள்ளே கூப்பிட்டு விளக்கினார்.

"கணினி மேல எந்தக் குத்தமும் இல்லைம்மா. தட்டு இல்லாதப்ப அது அமைதியாத்தான் இருக்கு. தட்டு உள்ள போன பிறகுதான் சத்தம். அப்ப சத்தம் எதுல இருக்கு?"

சபியா யோசித்தாள். "கணினிக்குள்ள ஏதோ தேஞ்சிருக்கு சார். எங்க போட்டு இன்ஜின்லயும்..."

"தட்டுல இருக்கும்மா. தட்டு யாரோடது? மனுதாரரோடது. குழு அதைத்தான் கண்டுபிடிச்சிருக்கு. அரசு அலுவலகத்துக்குள்ள சத்தம் உள்ள தட்டைக் கொண்டுவந்ததுக்கு உங்க கிட்ட விளக்கம் கேக்கணும்னு பரிந்துரை. நான்தான், பொம்பளைப் புள்ள, முதல் தடவை, விட்டுருவோம்னு சொன்னேன். ஆமா, அதுல என்னதான் இருக்கு?"

"போட்டுதான் சார். முன்னால, பின்னால, அப்புறம் இன்ஜின் ஓடுறது."

பூவலிங்கம் நாற்காலியில் சாய்ந்தார். நெடுநாள் தேடிய பொருள் கிடைத்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் வந்தது.

"இன்ஜின் ஓடுதா?"

"ஓடுற இன்ஜினைக் காட்டணும்ண்டு நீங்கதானே சார் விதி வச்சிருக்கீங்க?"

"ஓடணும்ங்கறதுதான் விதி. சத்தம் வரணும்னு எங்கயும் சொல்லலையே."

வீரலட்சுமி கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். சிரிப்பு வந்துவிடக்கூடாது என்பதற்காகக் கையிலிருந்த கோப்பைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். சபியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். தன் தாய்தகப்பன் வைத்த பெயரை அரசாங்கம் தப்பாக எழுதியபோது பேசாமல் இருந்தாளே, அன்றைக்கே நாலு வார்த்தை பேசியிருந்தால் இன்றைக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்காது என்று நினைத்தாள்.

ஆனாலும் அவர்கள் கேட்டதைச் செய்தாள். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. முத்தழகு படகின் இன்ஜினை மறுபடி ஓட்டிக்காட்ட, ஸ்டூடியோக்காரர் சத்தத்தை எடுத்துவிட்டு ஊமைப்படமாகப் பதிந்து கொடுத்தார். சத்தம் இல்லாமல் இன்ஜின் ஓடுகிறது என்பதை எப்படி நம்புவது என்று வீரலட்சுமியே சந்தேகம் கிளப்பியதால், படத்தில் முத்தழகு இன்ஜினுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, ஓடுகிறது என்று தலையாட்டினான்.

"நம்மள என்னமோ ஆக்கிட்டாங்கக்கா" என்றான் முத்தழகு.

"பயலுக என்ன சொல்றானுக?"

"ஒருத்தன் மண்டபம் போட்டுக்குப் பேசிட்டான். மத்தவனுகள நாளைக்கு வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கேன். நாளக்கழிச்சு விடிஞ்சா எல்லாப் போட்டும் எறங்குது. அதுக்கு மேல நான் சொன்னாக் கேக்க மாட்டானுக."

மறுநாள், தடைக்காலத்தின் கடைசி நாள், சபியா மையத்துக்குப் போனபோது வராந்தா கழுவிவிடப்பட்டிருந்தது. சென்னையிலிருந்து இணை இயக்குநர் ஆய்வுக்கு வருகிறாராம். பூவலிங்கம் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தன்னுடையது மாவட்டத்திலேயே இரைச்சல் இல்லாத அலுவலகம் என்று ஒரு விருதுக்கு அவர் பெயரை அவரே அனுப்பியிருந்தார். அதற்காகத்தான் ஆய்வு.

சபியாவுக்கு அதெல்லாம் தெரியாது. நேராக வீரலட்சுமியிடம் போய்ப் புது சிடியை நீட்டினாள்.

"இது சத்தமில்லாதது மேடம்."

வீரலட்சுமிக்கும் அவசரம். இந்த அம்மாவின் காரியத்தை இன்றோடு முடித்துவிட வேண்டும் என்று அவளுக்கும் உள்ளூர இருந்தது. ஐயா உள்ளறையில் பூமாலை வாங்க ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறார், அதற்குள் பார்த்துவிடலாம் என்று சிடியை நெட்டினாள்.

ஊமைப்படம் உள்ளே போனதும் கணினி முன்னெப்போதும் போடாத சத்தத்தைப் போட்டது. பொத்தானை அழுத்தினாள். அது துப்பவில்லை. மறுபடி அழுத்தினாள். துப்புவதற்குப் பதிலாக இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டு கத்தியது. வராந்தாவில் ஜனம் எழுந்தது. அந்த நேரம் பார்த்துப் படியில் இணை இயக்குநர் ஏறி வந்துகொண்டிருந்தார்.

பூவலிங்கம் வெளியே ஓடி வருவதற்குள் அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"என்னய்யா சத்தம்?"

பூவலிங்கத்தின் உதடுகள் அசைந்தன. விருது, வெள்ளைச் சட்டை, வாங்க ஆள் அனுப்பிய மாலை எல்லாம் கண்ணுக்கு முன்னால் போயிருக்கும். ஆனால் அவர் அனுபவசாலி.

"வேலை நடக்குற சத்தம் சார்."

இணை இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். மொய்த்து நின்ற ஜனத்தைப் பார்த்தார். அவர் முகம் கனிந்துவிட்டது.

"முப்பது வருசமா அலுவலகம் அலுவலகமாப் போறேன்யா. எங்க போனாலும் மயானம் மாதிரி இருக்கும். நான் வர்றேன்னு தெரிஞ்சா இன்னும் அமைதி ஆயிருவாங்க. முதல் தடவையா ஒரு அலுவலகத்துல வேலை காதுல கேக்குது. இதை நிறுத்தவே கூடாது. நான் இருக்கிற வரைக்கும் இல்ல, எப்பவுமே. நிறுத்தினா ஏன் நிறுத்தினீங்கன்னு எனக்கு விளக்கம் வேணும்."

"நாங்க நிறுத்தினதே இல்ல சார்" என்றார் பூவலிங்கம்.

இணை இயக்குநர் உள்ளறைக்குப் போய் இளநீர் குடிக்க உட்கார்ந்தார். கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார், சத்தம் நன்றாகக் கேட்கவேண்டுமாம். சபியா பூவலிங்கத்தின் முன்னால் போய் நின்றாள்.

"சார், என் சிடி உள்ள இருக்கு. பாத்து ஒரு கையெழுத்து..."

"எப்படிம்மா பாக்குறது?" பூவலிங்கம் அவள் காதோரம் குனிந்து சொன்னார். "பாத்து முடிச்சா விதிப்படி தட்டை வெளிய எடுத்து உங்க கையில கொடுத்தாகணும். வெளிய எடுத்தா சத்தம் நின்னுபோகும். உங்க வேலை முடிஞ்சா எங்க வேலை நின்னுரும். அரசாங்கத்தோட நல்லதை நினைச்சுப் பாருங்க. உங்க தட்டு இந்த மாவட்டத்துக்கே சேவை செஞ்சுக்கிட்டு இருக்கு."

"நாளைக்குக் காலையில போட்டு எறங்கணும் சார்."

"அடுத்த வருசமும் கடல் அங்கேயேதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் இளநீருக்கு ஸ்ட்ரா இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

சபியா அங்கேயே நின்றாள். கணினியின் வால் மாதிரி ஒரு கறுப்பு வயர் மேசைக்குப் பின்னால் இறங்கிச் சுவருக்குப் போயிருந்தது. அவள் வீரலட்சுமியைப் பார்த்தாள்.

"மேடம், இதுல பேட்டரி இருக்கா?"

வீரலட்சுமி அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "அது செத்து ரொம்ப நாளாச்சும்மா" என்று சொல்லிவிட்டு, எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

அரசாங்கச் சொத்து. போலீஸைக் கூப்பிடுவார்களோ என்னவோ. சபியா பிஸ்மி சொல்லிக்கொண்டு குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

சத்தம் நின்றது. வராந்தாவில் யாரோ 'அடடா' என்றார்கள். உள்ளறையிலிருந்து இணை இயக்குநரின் குரல் வந்தது. "என்னய்யா, வேலையை நிறுத்திட்டீங்களா?"

பூவலிங்கம் ஓடி வந்தார். அவருடைய செருப்பு சத்தம் போட்டதை அந்த அலுவலகம் அன்றுதான் கேட்டது. சபியா பிளக்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அதைச் சொருகுங்க."

"சொருகுறேன் சார். நீங்க கையெழுத்துப் போடுங்க."

"தட்டை இன்னும் யாரும் பாக்கலையேம்மா."

"பாக்க வேணாம் சார். எல்லாரும் கேட்டாச்சுல."

"விதின்னு ஒண்ணு இருக்கு."

"இருக்கட்டும் சார். நானும் இங்கனயே இருக்கேன்."

"பூவலிங்கம்?" என்றது உள்ளிருந்து குரல்.

பூவலிங்கம் சபியாவைப் பார்த்தார், திறந்திருந்த கதவைப் பார்த்தார். பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைப் பல்லால் கழற்றி அவள் மனுவில் கையெழுத்துப் போட்டார். முத்திரையையும் குத்தச் சொல்லிக் கேட்டாள், குத்தினார். இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகு சபியா குனிந்து பிளக்கைச் சொருகினாள். கணினி எழுந்திருக்கும்போதே அலறிக்கொண்டுதான் எழுந்தது. "ஆங்" என்று உள்ளே இணை இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொள்வது கேட்டது.

மறுநாள் விடியலில் பாம்பன் படகுகளெல்லாம் இறங்கின. மண்டபம் போனவன் போனவன்தான், அவன் இடத்தில் முத்தழகு தன் மச்சானை ஏற்றிக்கொண்டான். சபியா கரையில் நின்று பார்த்தாள். வீட்டுக்காரர் கம்பை ஊன்றிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்று, "எப்படிப் புள்ள வாங்குன?" என்று கேட்டார். "கேட்டேன், குடுத்தாக" என்றாள்.

மானிய டீசல் புத்தகத்திலும் பெயர் மாறவேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. அதுவும் அதே மையம்தான். கொஞ்ச நாள் கழித்து அவள் மறுபடி மாடியேறினாள். படியிலேயே இரைச்சல் கேட்டது. இணை இயக்குநர் மற்ற அலுவலகங்களுக்கும் அந்த மாதிரிக் கணினியே வாங்கச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறாராம். வீரலட்சுமி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சைகையில் பேசினாள். அவள் மேசைக்கு முன்னால் ஆளே இல்லை. ஜனமெல்லாம் எதிர்ச் சுவரோரம், பிளக் இருக்கிற மூலையில் நின்றது. அங்கே கயிறு கட்டி, ஒரு பலகை வைத்திருந்தார்கள்.

'பிளக்கைப் பிடுங்க வரும் பொதுமக்கள் கவனத்திற்கு. நேரம் காலை பதினொன்று முதல் பன்னிரண்டு வரை. அசல் ஆதார் அட்டை அவசியம். ஒருவர் ஒரு முறை மட்டுமே பிடுங்கலாம். பிடுங்கும் பிரிவு அலுவலர் விடுப்பில் உள்ள நாட்களில் பிடுங்குதல் நடைபெறாது.'

சபியா அதை இரண்டு தடவை படித்தாள். வரிசைக் கடைசியில் தொண்டியிலிருந்து வந்த ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் போய் நின்று, ரொம்ப நேரம் ஆகுமா என்று அவர் காதருகே கேட்டாள்.

"மூணாவது தடவையா வாரேம்மா" என்றார் அவர். "போன தடவை வரிசையில எனக்கு முன்னாடி யாருமே இல்ல. கையை நீட்டப் போறேன், கரண்டு போயிருச்சு. தானா நின்னதுக்கெல்லாம் கையெழுத்துக் கிடையாதாம்."